கொக்குவிலில் ரயிலால் இறங்கி டிராம் ஏறலாமா?

ஒரு மாணவர் கேட்டிருக்கிறார். லண்டனில் விம்பிள்டன் நிலையத்தில் ரயிலால் இறங்கி, நிலைய வாசலைத் தாண்டாமலே, தெருத் தண்டவாளத்தில் ஓடும் டிராமில் ஏறினாராம். "எங்கள் கொக்குவில் நிலையத்தையும் அப்படி ஆக்கி, அங்கிருந்து ஆடியபாதம் வீதியால் திருநெல்வேலி, பல்கலைக்கழகம், நல்லூர் என்று ஒரு டிராமை விட்டால் என்ன? விடயம் தெரிந்த யாராவது ஒளிவு மறைவின்றிச் சொல்லுங்கள்" என்பது அவர் கேள்வி. இதற்குள் இரண்டு கேள்விகள் ஒன்றாய்ப் பின்னிக் கிடக்கின்றன. யாழ்ப்பாணத்துத் தெருவில் டிராம் ஓட முடியுமா என்பது ஒன்று. யாழ்ப்பாணத்து ரயிலால் இறங்குகிறவர் சிரமமில்லாமல் அடுத்த வாகனத்தில் ஏற முடியுமா என்பது மற்றது. முதலாவதற்கு என் பதில், இப்போதைக்கு வேண்டாம். இரண்டாவதற்கு, முடியும்; பெரிய கடன் எதுவும் வாங்காமலே முடியும். ஏன் என்று விளக்கமாகச் சொல்கிறேன், பொறுமையாக வாசியுங்கள்.

நான் கோண்டாவிலில் பிறந்தவன். இருபது ஆண்டுகளுக்கு மேல் தெற்கு லண்டனில் தண்டவாளப் பராமரிப்பு வேலை செய்துவிட்டு ஊர் திரும்பியிருக்கிறேன். தண்டவாளம், வளைவு, கடவை, மேடையின் உயரம் ஆகியவற்றைப் பற்றி நான் சொல்வதை நீங்கள் உறுதியாக எடுத்துக்கொள்ளலாம். எத்தனை பேர் ஏறுவார்கள், போட்ட பணம் எப்போது திரும்பும் என்பவை என் தொழில் அல்ல. அந்த இடம் வரும்போது இது என் அனுமானம் என்று சொல்லிவிட்டே பேசுவேன்.

விம்பிள்டனிலிருந்து தொடங்குவோம். அங்கே டிராம் ஓடும் பாதை புதிதாகப் போட்டது அல்ல. விம்பிள்டனுக்கும் தெற்கு லண்டனின் மேற்குக் குரொய்டனுக்கும் இடையே 1855இல் திறந்த பழைய ரயில் பாதை அது. ஆட்கள் குறைந்து, அரை மணிக்கு ஒரு வண்டி கூட ஒழுங்காக ஓடாத நிலைக்கு வந்து, 1997இல் மூடப்பட்டது. அதே மண் அணைமேல் டிராம் தண்டவாளம் போட்டு 2000ஆம் ஆண்டு மே மாதம் குரொய்டன் டிராம் திறக்கப்பட்டது. ஏறத்தாழ 28 கிலோமீட்டர், இன்று 39 தரிப்பிடங்கள், அப்போதைய செலவு ஏறத்தாழ 20 கோடி பவுண். வீடுகளை அதிகம் இடித்து வழி எடுக்க வேண்டியிராததும், பெரும் பகுதிக்குப் பழைய ரயில் நிலமே கையில் இருந்ததும்தான் அந்தக் கணக்கு ஒத்துவந்ததற்கு முதற்காரணம். விம்பிள்டனில் டிராம் நிற்கும் பத்தாம் மேடையும் பழைய ரயில் மேடைதான்.

நீங்கள் அங்கே கண்ட ஒழுங்கு ஒரே நாளில் வந்ததும் அல்ல. ஆரம்பத்தில் டிராமுக்கு ஒரே ஒரு தண்டவாளமும் ஒரே ஒரு மேடையும்தான். ஒரு வண்டி வெளியே போனால்தான் அடுத்தது உள்ளே வரலாம். ஒன்று பிந்தினால் பின்னால் வருவதும் வழியில் நின்று பிந்தும். மாலையில் அது மறு முனை வரை பரவும். 2015இல் சில மாதம் டிராமை நிறுத்திவைத்து இரண்டாவது தண்டவாளத்தை உள்ளே கொண்டுவந்த பிறகுதான் அடிக்கடி வண்டி விட முடிந்தது. மாறும் நிலையம் ஒன்றைத் திட்டமிடுகிற எவருக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான்: பாதை எவ்வளவு நீளம் என்று கேட்பதற்கு முன், கடைசி முனையில் எத்தனை வண்டி ஒரே நேரத்தில் நிற்கலாம் என்று கேளுங்கள்.

டிக்கெட் விடயமும் அப்படித்தான். விம்பிள்டனில் டிராமுக்குப் போகிறவரும் ரயிலுக்குப் போகிறவரும் ஒரே வாயிலால் நுழைகிறார்கள். ரயிலுக்குத் தூரத்தைப் பொறுத்துக் கட்டணம். டிராமுக்கு எங்கே ஏறினாலும் ஒரே கட்டணம். ஆகவே வாயிலில் பயண அட்டையைத் தொட்டவர், டிராம் மேடையில் இன்னொரு முறை தொட வேண்டும். மறந்தால், ரயிலில் ஏறி, இறங்கிய இடத்தில் அட்டையைத் தொடாமல் விட்டவராகக் கணக்கு அவரைப் பிடித்துக்கொள்ளும். எங்கள் ஊரிலிருந்து வந்த வயதான அம்மா ஒருவர் இப்படி அதிகக் காசு வெட்டுப்பட்டு, ஏன் என்று விளங்காமல் மேடையில் நின்றதைப் பார்த்து நானே போய் விளங்கப்படுத்தியிருக்கிறேன். கூரை ஒன்றாக இருப்பது போதாது, கட்டணமும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பது அன்றைக்கு எனக்கு நன்றாக உறைத்தது.

ஆனால் நமக்குப் பொருத்தமான மாதிரி விம்பிள்டன் அல்ல. அதே டிராமில் பல தரிப்பிடங்கள் தள்ளிப் போய்க் கிழக்குக் குரொய்டனில் இறங்கிப் பாருங்கள். அங்கே டிராம் ரயில் நிலையத்துக்குள் வருவதே இல்லை. ரயில் மேடையிலிருந்து சரிவுப் பாதையால் ஏறி மண்டபத்துக்கு வந்தால், வாசலுக்கு நேரே, தெருவில், டிராம் நிற்கிறது. பக்கத்திலேயே பஸ்ஸும் நிற்கிறது. பெட்டி இழுத்து வருகிறவர், தள்ளுவண்டியில் பிள்ளையை வைத்திருப்பவர், சக்கர நாற்காலியில் வருகிறவர் எல்லாருக்கும் ஒரே மட்டம். படி இல்லை, வீதி கடக்க வேண்டியதில்லை, அடுத்த வண்டி எங்கே என்று தேட வேண்டியதில்லை. நன்றாக யோசித்தால், அங்கே நன்மை செய்வது வாசலுக்கு முன்னால் வந்து நிற்கிற ஒழுங்கு. வந்து நிற்பது இரும்புச் சக்கரமா ரப்பர் சக்கரமா என்பது அதற்குப் பிறகு வரும் கேள்வி.

இப்போது நம்முடைய பாதைக்கு வருவோம். வடபகுதி ரயில் பாதையின் வடக்கு முனை, காங்கேசன்துறையிலிருந்து யாழ்ப்பாணம் வரை, 1902இலேயே ஓடத் தொடங்கிவிட்டது. கொழும்பிலிருந்து நேராக யாழ்ப்பாணத்துக்கு முதல் ரயில் வந்து சேர்ந்தது 1905 ஆகஸ்ட் 1. அதாவது தலைநகரோடு தொடுப்பதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்னரே குடாநாட்டுக்குள் ஒரு உள்ளூர் ரயில் இருந்தது. இதை நம்மில் பலர் மறந்துவிட்டோம். யாழ்தேவி விரைவு ரயில் வந்தது 1956இல். அதன் பிறகு ரயில் என்றாலே கொழும்புக்குப் போவது என்று நம் மனத்தில் பதிந்துவிட்டது. என் அப்பாவின் தலைமுறை அதைக் கோச்சி என்றுதான் சொல்லும். கோண்டாவிலில் ஏறி யாழ்ப்பாணத்தில் இறங்கிப் பள்ளிக்கூடம் போன பிள்ளைகளில் நானும் ஒருவன். சட்டைப் பையில் சீசன் டிக்கெட், மதியச் சாப்பாடு வாழையிலையில் கட்டி. சுன்னாகத்தில் சந்தை நாள் என்றால் மரக்கறிக் கடகங்களோடு பெண்கள் ஏறுவார்கள்.

1990 ஜூனில் அந்த ஓட்டம் நின்றது. தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் பதுங்குகுழிகளுக்குப் போயின. பாதை போன இடத்தில் பற்றை வளர்ந்தது, சில இடங்களில் ஆட்கள் குடியிருந்தார்கள். இந்தியக் கடனுதவியோடு புதிதாகப் போட்டு, 2014 ஒக்டோபர் 13 யாழ்ப்பாணம் வரைக்கும், 2015 ஜனவரி 2 காங்கேசன்துறை வரைக்கும் ரயில் திரும்பி வந்தது. அந்த முதல் நாள்களில் கொக்குவிலிலும் இணுவிலிலும் கேற்றடியில் நின்று கை காட்டிய சனத்தில் பாதிப் பேர் தங்கள் வாழ்நாளில் ரயிலைக் காணாதவர்கள்.

யாழ்ப்பாணத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே ஏறத்தாழ 18 கிலோமீட்டர். நடுவில் கொக்குவில், கோண்டாவில், இணுவில், சுன்னாகம், மல்லாகம், தெல்லிப்பழை, மாவிட்டபுரம் என்று ஏழு நிலையங்கள். சராசரியாக இரண்டேகால் கிலோமீட்டருக்கு ஒன்று. இது நெடுந்தூர ரயிலின் இடைவெளி அல்ல. புறநகர் ரயிலின் இடைவெளி. பெரிய நகரங்கள் கோடிக் கணக்கில் பணம் கொட்டி உண்டாக்குகிற ஒன்று நமக்கு 120 ஆண்டுகளுக்கு முன்பே கிடைத்திருக்கிறது. பாதை இருக்கிறது, மேடை இருக்கிறது, நிலம் அரசாங்கத்துடையது. அதில் ஒரு நாளைக்கு ஒரு சில நெடுந்தூர வண்டிகளை மட்டும் விட்டுவிட்டு, மிகுதி நேரமெல்லாம் தண்டவாளத்தை வெயிலில் காயவிடுகிறோம் என்பதுதான் என் பெரிய மனக்குறை.

டிராமைப் பற்றி இனிச் சொல்கிறேன். டிராம் இலங்கைக்குப் புதியதல்ல. கொழும்பில் 1899இலிருந்து மின்சார டிராம் ஓடியது. 1929இல் ஏ.ஈ. குணசிங்க தலைமையில் நடந்த டிராம் தொழிலாளர் வேலைநிறுத்தம் இலங்கைத் தொழிற்சங்க வரலாற்றில் முக்கியமானது. 1944இல் மாநகர சபை அதைப் பொறுப்பெடுத்தது. 1960இல் கடைசி டிராமும் நின்றது. இடையில் வந்த மின்கம்பி பஸ்ஸும் 1964உடன் முடிந்தது. கடலுக்கு அந்தப் பக்கம் சென்னையில் 1895இல் தொடங்கி 1953இல் முடிந்தது. யாழ்ப்பாணத்தில் எந்தக் காலத்திலும் டிராம் இருந்ததில்லை. நமக்குத் தட்டிவானும் சைக்கிளும் மாட்டு வண்டிலும் போதுமாயிருந்த காலம் அது.

பொறியியலாக முதல் தடை, இரண்டு தண்டவாளங்களுக்கு இடையேயுள்ள அகலம். இலங்கை ரயில் பாதையின் அகலம் 1676 மில்லிமீட்டர், இந்தியாவின் அகலப் பாதையேதான். டிராம் ஓடும் நகரங்களில் பெரும்பாலானவை 1435 அல்லது 1000 மில்லிமீட்டர். ஆகவே ரயில் தண்டவாளத்திலேயே ஓடிவந்து, கொக்குவிலில் விலகித் தெருவுக்குள் நுழையும் வண்டி ஒன்றை நாம் ஆயத்தமாக வாங்க முடியாது. ஜெர்மனியில் கார்ல்ஸ்ரூ நகரம் 1992இல் அப்படி ஒரு வண்டியை ஓடவிட்டு உலகத்துக்கு வழி காட்டியது. தெருவில் 750 வோல்ட்டிலும் ரயில் பாதையில் 15,000 வோல்ட்டிலும் ஒரே வண்டி ஓடும். அது அவர்களுக்குக் கைகூடியது, அங்கே இரண்டு தண்டவாளமும் ஒரே அகலம் என்பதாலும் ரயில் பாதையில் ஏற்கெனவே மின்கம்பி இருந்ததாலும். நம்மிடம் இரண்டும் இல்லை. இங்கிலாந்தில் செபீல்டு நகரம் அதையே 2018இல் ஒரு சிறு தூரத்துக்குச் செய்தது. அகலம் ஒன்றாக இருந்தும் ஆண்டுக்கணக்கில் பிந்தியது, செலவும் முதலில் போட்ட கணக்கின் சில மடங்குக்குப் போனது. சக்கரத்தின் விளிம்பு டிராமுக்கு ஒரு வடிவம், ரயிலுக்கு இன்னொரு வடிவம். இந்தச் சின்ன வேறுபாடு ஒவ்வொரு பாதைப் பிரிவிலும் வேலை வைக்கும் என்பதைக் கையால் தொட்டு வேலை செய்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

எனவே டிராமும் ரயிலும் தனித்தனிப் பாதைதான். அப்படியானால் இரண்டும் ஒன்றையொன்று வெட்டுமா என்று பார்க்க வேண்டும். மெல்பேணில் ரயிலும் டிராமும் தெரு மட்டத்திலேயே குறுக்கிடும் இடங்கள் உண்டு; கூயோங்கும் றிவர்ஸ்டேலும் இன்னும் இருக்கின்றன. அங்கே ரயிலுக்கு 1500 வோல்ட், டிராமுக்கு 600 வோல்ட். சந்திக்கும் சதுரத்துக்கு மேலேயுள்ள கம்பிக்கு, எந்த வண்டி வருகிறதோ அதற்கேற்ற மின்சாரத்தை மாற்றிக் கொடுப்பார்கள். கேட்க அழகான ஏற்பாடு. ஆனால் அதன் பராமரிப்புக்கும் தாமதத்துக்கும் அஞ்சி ஒவ்வொன்றாய் அகற்றுகிறார்கள். கிளென்ஹன்ட்லியில் 2023இல் ரயிலைக் கீழே இறக்கிவிட்டார்கள். நல்ல வேளை, நீங்கள் சொல்லும் வழியில் இந்தச் சிக்கல் வராது. கொக்குவில் பக்கத்தில் ரயில் பாதை காங்கேசன்துறை வீதிக்கும் பலாலி வீதிக்கும் நடுவால் போகிறது. திருநெல்வேலியும் பல்கலைக்கழகமும் நல்லூரும் பாதைக்குக் கிழக்கே. டிராம் கிழக்கிலிருந்து வந்து கிழக்குப் பக்கத்திலேயே நின்று திரும்பினால் ரயில் பாதையைத் தொட வேண்டியதில்லை. அந்த அளவில் உங்கள் யோசனை சரியானது, அதைச் சொல்லாமல் விட மாட்டேன்.

சிக்கல் தெருவில்தான் இருக்கிறது. இரட்டைத் தண்டவாளத்துக்கு ஏறத்தாழ ஆறு, ஆறரை மீட்டர் அகலம் வேண்டும். அதற்கு இரு புறமும் சைக்கிளும் ஆட்களும் போக இடம் வேண்டும். ஆடியபாதம் வீதியில் மதில்கள் எங்கே நிற்கின்றன என்று போய்ப் பாருங்கள். ஒற்றைத் தண்டவாளம் என்றால் இடையிடையே வண்டிகள் மாற இடம் வேண்டும். தெருவுக்கு அடியில் இன்னொரு கதை. டிராம் தண்டவாளத்துக்குக் கீழே தண்ணீர்க் குழாயோ தொலைபேசிக் கம்பியோ இருக்க முடியாது, ஏனென்றால் பிறகு திருத்துவதற்குத் தெருவைத் தோண்ட முடியாது. எல்லாவற்றையும் முன்கூட்டியே விலக்க வேண்டும். எடின்பரோ நகரத்தில் 14 கிலோமீட்டர் டிராமுக்கு 77 கோடி 60 இலட்சம் பவுண் முடிந்து, பல ஆண்டுகள் பிந்தி, 2014இல் ஓடியதற்கு நிலத்தடிக் குழாய்கள் ஒரு பெருங்காரணம். நமக்கு மேலே ஒரு முழம், இரண்டு முழம் செம்மண். அதற்குக் கீழே சுண்ணாம்புக்கல். பாரம் தாங்க நல்ல நிலம்தான், ஆனால் கல்லுக்குள் எங்கே பொந்து இருக்கிறது என்பதைக் கிணறு வெட்டியவர்களைக் கேட்டால் சொல்வார்கள். டிராமின் மின்சாரம் தண்டவாளம் வழியாகத்தான் திரும்பிப் போகும். காப்பு சரியில்லாவிட்டால் அது நிலத்துக்குள் கசிந்து, பக்கத்தில் உள்ள இரும்புக் குழாய்களை அரிக்கும்.

இன்னொன்று, இதை வெளியூர்ப் பொறியியலாளர் எழுதும் அறிக்கையில் நீங்கள் காண மாட்டீர்கள். டிராமின் மின்கம்பி வீதிக்கு மேலே ஐந்தரை, ஆறு மீட்டர் உயரத்தில் போகும். நல்லூர்த் திருவிழா 25 நாள். அந்த நாள்களில் கோயிலைச் சுற்றியுள்ள வீதிகள் வாகனத்துக்கு மூடப்படும். தூக்குக்காவடிகள் உழவு இயந்திரத்தின் மேல் மரம் நாட்டி, மனிதர் அந்தரத்தில் தொங்க, ஊர்களிலிருந்து வீதி வழியே வருகின்றன. மின்னோட்டம் உள்ள கம்பிக்குக் கீழே அதை விட முடியாது. ஆண்டின் மிக அதிகமான சனம் பயணம் செய்யும் நாள்களிலேயே டிராமை நிறுத்திவைக்க வேண்டி வரும். மின்கலத்தில் ஓடும் டிராம்கள் வந்துவிட்டன, அவை கம்பியில்லாமல் சில தூரம் போகும் என்பது உண்மை. ஆனால் மூடிய வீதியில் அவையும் போக முடியாது. பஸ் என்றால் அந்த 25 நாளும் வேறு வீதியால் சுற்றிப் போகும்.

இனி வருவது உறுதி குறைந்த பகுதி. டிராமுக்குப் போதிய ஆட்கள் வருவார்களா? 2012 குடிசன மதிப்பீட்டில் யாழ்ப்பாண மாவட்டம் முழுவதற்கும் ஏறத்தாழ 5 இலட்சத்து 83 ஆயிரம் பேர். மாநகர எல்லைக்குள் 1981இல் 1 இலட்சத்து 18 ஆயிரம் பேர் இருந்தார்கள். 2012இல் அது 88 ஆயிரம். குரொய்டன் என்ற ஒற்றை நகராட்சிப் பிரிவில் மட்டும் 2021இல் 3 இலட்சத்து 90 ஆயிரம் பேர். அந்த டிராமில் கொவிட்டுக்கு முந்திய ஆண்டுகளில் ஆண்டுக்கு ஏறத்தாழ 3 கோடிப் பயணங்கள். நம் சனம் வளவு வளவாகப் பரந்து வாழ்கிறது. மாடி வீட்டுத் தொகுதிகளில் அடுக்கி வாழவில்லை. இந்த நிலையில் டிராமுக்குக் கூட்டம் சேராது என்பது என் அனுமானம். இதை நான் அளந்து சொல்லவில்லை; வழியில் நின்று எண்ணாமல் வேறு யாராவது ஓர் எண்ணிக்கையைச் சொன்னால் அதையும் நம்ப வேண்டாம். பணத்தைப் பொறுத்தவரை ஒரே ஓர் உதாரணம் போதும். கொழும்பில் கோட்டையிலிருந்து மாலபே வரை 15.7 கிலோமீட்டர், 16 நிலையங்கள் கொண்ட இலகு ரயில் திட்டம், ஜப்பானின் நீண்டகாலக் கடன் உறுதியான பிறகும், 2020 செப்டெம்பரில் கைவிடப்பட்டது. நாட்டின் மிக நெரிசலான வழிகளில் ஒன்றுக்கே அந்தக் கதி.

அப்படியானால் என்ன செய்யலாம்? இருக்கிற தண்டவாளத்தில், யாழ்ப்பாணத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே, சிறிய வண்டி ஒன்றை நாள் முழுவதும் ஓட்டலாம். இலங்கைப் புகையிரதத் திணைக்களம் இரண்டு பஸ் உடல்களை முதுகோடு முதுகாய்ப் பொருத்தி, ரயில் சக்கரம் போட்டு, ரயில் பஸ் என்று வேறு பாதைகளில் ஓட்டியிருக்கிறது. கை பழகிய வேலை அது. கணக்கைப் பாருங்கள். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் 18 கிலோமீட்டருக்கு 18 நிமிடம். ஏழு நிலையத்திலும் நின்று எடுக்க ஒவ்வொன்றுக்கும் இரண்டு நிமிடம் சேர்த்தால் 32. முனையில் சாரதி மறுபக்கம் மாறி ஆயத்தமாக 8 நிமிடம். ஒரு வழிக்கு 40 நிமிடம். ஒரே வண்டி போய்வந்தால் 80 நிமிடத்துக்கு ஒரு முறை. நடுவில், சுன்னாகத்தை அண்டி, எதிரெதிர் வண்டிகள் மாற இரட்டைப் பாதை வைத்து இரண்டு வண்டி விட்டால் 40 நிமிடத்துக்கு ஒன்று. ஒற்றைப் பாதையில் இதைவிட அடிக்கடி விடுவது கடினம், நெடுந்தூர ரயிலுக்கும் இடம் விட வேண்டும். ஆனால் நாற்பது நிமிடத்துக்கு ஒரு முறை, நாள்தோறும் ஒரே மணிக்கூட்டு நேரத்தில், தவறாமல் வந்தால் சனம் அதைப் பழகிக்கொள்ளும். பத்து நிமிடத்துக்கு ஒன்று என்று எழுதிவிட்டு வராமல் விடுவதைவிட அது எவ்வளவோ மேல்.

இங்கே ஒரு நிபந்தனை உண்டு, இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். வண்டிகள் கூடினால் கடவைகளில் ஆபத்தும் கூடும். வடக்கில் பாதுகாப்பில்லாத கடவைகளில் எத்தனை உயிர் போயிருக்கிறது என்பது பத்திரிகை வாசிக்கும் எல்லாருக்கும் தெரியும். கால் நூற்றாண்டு ரயில் இல்லாமல் வளர்ந்த ஊருக்கு, மணிச்சத்தம் கேட்டதும் நிற்கும் பழக்கம் இன்னும் முழுதாக வரவில்லை. அதனால் கேற்றும் விளக்கும் மணியும் முதலில், வண்டி பிறகு. பணம் போதாது என்று கேற்றை விட்டுவிட்டு வண்டியை மட்டும் விடுவதானால், அந்த வண்டி வராமலே இருக்கட்டும். டிராம் என்றால் இந்த ஆபத்து இல்லை என்று நினைக்க வேண்டாம். டிராம் சாரதி பெரும்பாலும் கண்ணால் பார்த்துத்தான் ஓட்டுகிறார். குரொய்டனில் சாண்டிலாண்ட்ஸ் வளைவில் 2016 நவம்பர் 9 அதிகாலை, மணிக்கு 20 கிலோமீட்டரில் எடுக்க வேண்டிய வளைவை 73இல் எடுத்த டிராம் சரிந்து ஏழு பேர் இறந்தார்கள். அந்தக் காலை எங்கள் தொழிலில் இருந்த எவராலும் மறக்க முடியாதது.

இனிக் கொக்குவில் வாசல். ரயில் பஸ் வந்து சேரும் நேரத்துக்கு, நிலையத்தின் கிழக்கு வாசலில் ஒரு சிறிய பஸ் நிற்க வேண்டும். ஆடியபாதம் வீதியால் திருநெல்வேலிச் சந்தைக்கும் பல்கலைக்கழகத்துக்கும் நல்லூருக்கும் போய்த் திரும்பட்டும். நீங்கள் டிராமுக்கு வரைந்த அதே வழிதான். இலங்கைப் போக்குவரத்துச் சபையின் யாழ்ப்பாண பஸ் சாலை கோண்டாவிலில், கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. பஸ் வெறுமையாக ஓடும் தூரம் குறைவு. ரயில் ஐந்து நிமிடம் பிந்தினால் பஸ் ஐந்து நிமிடம் காத்திருக்க வேண்டும். இந்த ஒரு விதி இல்லாவிட்டால் மற்ற எதுவும் உதவாது. இதற்கு நிலைய அதிபரும் பஸ் நேரக்காப்பாளரும் ஒருவரோடொருவர் தொலைபேசியில் பேசினால் போதும். ஒரே டிக்கெட் வந்தால் இன்னும் நல்லது. வராத வரைக்கும், ரயில் டிக்கெட்டைக் காட்டினால் பஸ்ஸில் குறைந்த கட்டணம் என்று தொடங்கலாம்.

இதே அக்கறை யாழ்ப்பாண நிலையத்துக்கும் வேண்டும். ரயில் நிலையத்துக்கும் பஸ் நிலையத்துக்கும் இடையே ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர். கொழும்பிலிருந்து இரவெல்லாம் பயணம் செய்து வந்த தாய் ஒருவர், இரண்டு பையும் ஒரு பிள்ளையுமாக, பருத்தித்துறை பஸ்ஸைப் பிடிக்க ஓட்டோவுக்குப் பேரம் பேசி நிற்பதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். என்னிடம் ஒரே ஒரு பஸ்ஸைத் தந்து எங்கே விடுவாய் என்று கேட்டால், கொக்குவிலுக்கு முன்னால் இந்த ஒரு கிலோமீட்டருக்குத்தான் விடுவேன்.

சைக்கிளை மறக்க வேண்டாம். இது சைக்கிள் ஊர். எரிபொருள் இல்லாத ஆண்டுகளில் நோயாளியையும் விறகையும் சைக்கிளில்தான் கொண்டுபோனோம். வீட்டிலிருந்து நிலையத்துக்குச் சைக்கிளில் வருகிறவருக்கு, மழைக்கும் வெயிலுக்கும் கூரை போட்ட, ஓர் ஆள் காவல் நிற்கிற நிறுத்துமிடம் ஒன்று இருந்தால், இரண்டு கிலோமீட்டர் சுற்றளவில் உள்ள அத்தனை வீடுகளும் அந்த நிலையத்துக்கு எட்டிவிடும். எந்த டிராமும் அத்தனை ஒழுங்கைக்குள் போகாது. மேடையில் ஒரு வேப்பமரம் நட்டுத் தண்ணீர் ஊற்றிவிட்டால், பங்குனி வெயிலில் அதுவே பாதிக் கூரை.

மூன்று மாதம் பரீட்சார்த்தமாக ஓட்டிப் பார்த்து, ஆட்கள் சேராவிட்டால் நிறுத்தலாம். தெருவைத் தோண்டாததால் இழப்பு பெரிதல்ல. ஆட்கள் நிரம்பி வழிந்தால், அன்றைக்கு அதே வழிக்கு டிராம் வேண்டும் என்று கையில் கணக்கோடு போய்க் கேட்கலாம். அதற்கு முதற்கட்டமாக உங்களால் செய்யக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது. இரண்டு நண்பர்களோடு ஒரு செவ்வாய் அல்லது புதன்கிழமை, பாடசாலை நடக்கும் நாளாகப் பார்த்து, காலை ஆறரையிலிருந்து எட்டரை வரை கொக்குவில் கேற்றடியில் இருங்கள். ஒருவர் கிழக்கே போகும் சைக்கிள்களை எண்ணட்டும், மற்றவர் மோட்டார் சைக்கிளையும் ஓட்டோவையும், மூன்றாமவர் பஸ்ஸில் எத்தனை தலை என்பதையும். கால் மணிக்கு ஒரு கோடு போட்டு எழுதுங்கள். அடுத்த வாரம் அதே நாளில் கோண்டாவிலிலும் செய்யுங்கள். அந்தத் தாள்களை இங்கேயே போட்டால், எத்தனை இருக்கை உள்ள பஸ், எத்தனை நிமிடத்துக்கு ஒன்று தேவை என்ற கணக்கை நான் இருந்து போட்டுத் தருகிறேன்.